ஒரே பேச்சை எல்லோரிடமும் பேசாதீர்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் குவாலிட்டி பிரிவில் இருந்தபோது, ஒரு சின்ன விஷயத்துக்கு எல்லோரையும் சம்மதிக்க வைக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. துணி ரோலைப் பிரித்ததும் வெட்டாமல், ஒரு நாள் தளரவிட்டு வெட்ட வேண்டும். அவ்வளவுதான்.

பின்னல் துணி கண்ணி கண்ணியாக ஆனது. பின்னும்போதும் சாயமேற்றும்போதும் இழுபடும். ரோலாகச் சுற்றும்போது அந்த இழுப்பு உள்ளேயே தங்கிவிடும். பிரித்து, இறுக்கமில்லாமல் 24 மணி நேரம் போட்டு வைத்தால் துணி தன் இயல்புக்குத் திரும்பும். லைக்ரா என்ற இழுபடும் நூல் கலந்த துணிக்கு இது இன்னும் முக்கியம். அவசரப்பட்டு வெட்டினால் வெட்டிய துண்டு சுருங்கும். 70 செ.மீ. நீளமுள்ள டி-ஷர்ட் 5 சதவீதம் சுருங்கினாலே 3.5 செ.மீ. போய்விடும். அந்த சரக்கை ஆர்டர் கொடுத்த பையர் எடுக்க மாட்டார்.

இதை முதலாளி, கட்டிங் மாஸ்டர், கணக்குப் பார்க்கும் அக்கா, தையல் லைன் சூப்பர்வைசர் என நான்கு பேரிடமும் ஒரே மாதிரி, கையில் அளவுத் தாளோடு சொன்னேன். நால்வரும் சரி என்றார்கள். மறுநாள் காலையில் ரோலைப் பிரித்த கையோடு வெட்டினார்கள்.

எனக்கு எது பெரிய காரணமோ அதுவே அவர்களுக்கும் பெரிய காரணம் என்று நினைத்ததுதான் முதல் தவறு. முதலாளிக்கு ராத்தூக்கம் போவது ஷிப்மென்ட் தேதியால். கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனால் அந்த ஆர்டரின் லாபமே கரைந்துவிடும். அவரிடம் 24 மணி நேரம் என்றால் ஒரு நாள் நஷ்டம் என்றுதான் காதில் விழும். துணியை ஒரு நாள் முன்னதாக வரவழைத்தால் தேதி அப்படியே நிற்கும் என்ற இடத்திலிருந்து நான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

மாஸ்டரிடம் செய்தது அதைவிடப் பெரிய தவறு. இருபத்தைந்து வருடம் கத்தி பிடித்தவரிடம், அவருடைய ஹெல்பர்கள் சுற்றி நிற்கும்போது துணி ஏன் சுருங்குகிறது என்று பாடம் எடுத்தேன். அவர் பேசவே இல்லை. பிடிவாதக்காரர் என்று முடிவு கட்டிவிட்டேன். சில வாரம் கழித்து டீ நேரத்தில் தனியாகப் போய், “அண்ணா, லைக்ரா துணியில நீங்க எப்படிங்க சமாளிக்கறீங்க?” என்று கேட்டேன். “ராத்திரியே பிரிச்சுப் போடணும்னு எனக்குத் தெரியாதா தம்பி? இங்க விரிக்க இடம் எங்க இருக்குது?” என்றார். அவருக்கு என் விளக்கம் தேவையே இல்லை, ரேக்தான் தேவை. கேட்காமலே பேசினால் இப்படித்தான், இல்லாத எதிர்ப்போடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவோம்.

வேலையை வைத்து ஆளுக்கு முத்திரை குத்துவதும் கூடாது. கணக்கு என்றால் பணம் பேசினால் போதும் என்று அக்காவிடம் நஷ்டக் கணக்கோடு போனேன். அவருடைய கவலை வேறு. துணி வந்த அன்றே அளவும் எடையும் பார்த்து எழுதாவிட்டால், தவறு சாய ஆலையுடையதா நம்முடையதா என்று சொல்ல முடியாது, நஷ்டத்தை ஆலையின் கணக்கில் பிடிக்க டெபிட் நோட்டும் போட முடியாது. ரோலைப் பிரிக்கும்போதே அந்தச் சோதனையையும் முடித்துவிடலாம் என்றதும் அவரே முதலாளியிடம் பேசினார்.

இன்னொன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஆளுக்கேற்பப் பேசுவது வேறு, ஆளுக்கொரு உண்மை சொல்வது வேறு. முதலாளியிடம் “ஒரு நாள்கூடத் தாமதமாகாது” என்றும், சூப்பர்வைசரிடம் “முதல் வாரம் லைன் கொஞ்சம் நிற்கும்” என்றும் சொன்னேன். சனிக்கிழமை சம்பளம் போடும்போது அவர்கள் இருவரும் ஒரே மேஜையில்தான் உட்காருவார்கள். அதற்குப் பிறகு நான் கொடுத்த எந்தத் தாளையும் இரண்டு தடவை சரிபார்த்தார்கள். எதை முதலில் சொல்வது, எந்த உதாரணம், தனியாகவா கூட்டத்திலா, வாயால் சொல்வதா எழுதிக் கொடுப்பதா என்பதையெல்லாம் ஆளைப் பார்த்து மாற்றலாம். எண்ணும் தேதியும் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

எதிரே இருப்பவரின் பேச்சு வழக்கை அப்படியே போலச் செய்வதும் வேண்டாம். உடனே தெரிந்துவிடும்.

கடைசியாக, யாரிடம் பேசவே இல்லை என்று பாருங்கள். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைக்கும் டெய்லர்களை நான் நினைக்கவே இல்லை. கட்டிங் ஒரு நாள் தள்ளிப்போனால் அன்றைக்கு அவர்களுக்குத் தைக்கத் துண்டு இருக்காது, வாரச் சம்பளம் குறையும். பின்னால் ஆல்டரேஷன், அதாவது பிரித்துத் திரும்பத் தைக்கும் வேலை குறையும் என்று எவ்வளவு அழகாகச் சொன்னாலும் இந்த வாரத்து வாடகைக்கு அது உதவாது. இங்கே பேச்சால் ஆகாது, ஏற்பாடுதான் வேண்டும். அடுத்த முறை புது ஆர்டர் துணி தளர்கிற நாளுக்கென்று வேறு ஆர்டரின் துண்டுகளை முன்பே வெட்டி வைத்தோம். அதன் பிறகுதான் அவர்களிடம் போய்ப் பேசினேன். பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ரேக் வந்த அன்று, ரோல் பிரித்த நேரத்தை எழுதும் நோட்டை மாஸ்டரே கேட்டு வாங்கிக்கொண்டார்.