தொடர்ந்து தோற்கும் அணியின் பயிற்சியாளரை வைத்திருப்பதா, மாற்றுவதா: கால்பந்து கிளப் முடிவெடுக்கும் முறை

கால்பந்து அணி ஒன்று ஐந்தாறு ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றதும், பயிற்சியாளரை உடனே நீக்க வேண்டும் என்போரும் அவருக்கு இன்னும் அவகாசம் தர வேண்டும் என்போரும் ஒரே நாளில் எதிரெதிரே நிற்கிறார்கள். பொறுமை கேட்பவர்கள், மான்செஸ்டர் யுனைடெட்டில் தொடக்கத்தில் தடுமாறிப் பின்பு கோப்பைகளைக் குவித்த அலெக்ஸ் ஃபெர்குசனை எடுத்துக்காட்டுவார்கள். நீக்கச் சொல்பவர்கள், 2012 மார்ச்சில் பயிற்சியாளர் வில்லாஸ் போவாஸை அனுப்பிவிட்டு மே மாதத்திலேயே ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கிய செல்சீயைக் காட்டுவார்கள். இரண்டும் நடந்தவையே என்பதால், இரண்டையும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. நிர்வாகக் குழு கேட்டுக்கொள்ள வேண்டியது "இன்னும் எத்தனை நாள் பொறுப்பது?" என்பதை அல்ல; "எதற்காகப் பொறுக்கிறோம்?" என்பதையே. இங்கிலாந்தில் மேலாளர் என்றும் நம் நாட்டில் தலைமைப் பயிற்சியாளர் என்றும் அழைக்கப்படும் அந்த மனிதரைப் பற்றிய முடிவை எப்படி எடுப்பது என்பதற்கு, சென்னை நகரின் கிளப்பான ‘சென்னையின் எஃப்.சி.’யின் இரண்டு ஆண்டுகளைவிட நல்ல பாடம் நமக்குக் கிடைக்காது.

2018 மார்ச்சில் பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வீழ்த்தி ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்றது பயிற்சியாளர் ஜான் கிரெகரியின் சென்னையின் அணி; அதுவே அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி என்று வெறும் 9 புள்ளிகளுடன் கடைசி இடத்தில் முடித்தது. கிளப் அவரை நீக்கவில்லை. அதற்கடுத்த பருவத்தில் ஆறு ஆட்டங்கள் முடிந்ததும், 2019 நவம்பர் இறுதியில், இரு தரப்பும் பேசிப் பிரிந்தன. அடுத்து வந்த ஓவன் காயில் அதே வீரர்களைக் கொண்டு 2020 மார்ச்சில் அணியை இறுதி ஆட்டம்வரை கொண்டு சென்றார். முதலில் காட்டிய பொறுமை சரியா, பிறகு செய்த மாற்றம் சரியா என்று கேட்டால், இரண்டுக்கும் தனித்தனிக் காரணம் இருந்தது என்பதே என் பதில்.

எனவே முதல் வேலையாகப் புள்ளிப்பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, முடிவுகளையும் ஆட்டத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். கால்பந்தில் கோல்கள் மிகக் குறைவு. ஆகையால் பத்து ஆட்டங்களின் முடிவு அணியின் தரத்தைச் சொல்வதைவிட அதிர்ஷ்டத்தைச் சொல்வது சாதாரணம். எக்ஸ்ஜி எனப்படும் கணக்கு இதற்குத்தான் பயன்படுகிறது. ஒவ்வொரு ஷாட்டும் எந்த இடத்திலிருந்து, எந்தச் சூழலில் அடிக்கப்பட்டது என்பதைக் கொண்டு, அது கோலாகும் வாய்ப்பை 0 முதல் 1 வரையிலான எண்ணாகக் குறித்துக் கூட்டிக்கொண்டே போவதுதான் அது. பெனால்டி என்றால் 0.75-க்குச் சற்று மேல். கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பெட்டிக்கு வெளியே தொலைவிலிருந்து அடித்தால் மிகச் சொற்பம். தோற்கும் அணி இந்தக் கணக்கில் எதிரணிக்கு ஈடாகவோ மேலாகவோ நின்றால், பயிற்சியாளரின் வேலை பெரும்பாலும் சரியாகவே நடக்கிறது என்று கொள்ளலாம்.

2018 அக்டோபரில் இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்ட் கிளப்பின் பொறுப்பை ஏற்ற தாமஸ் ஃபிராங்க் தம் முதல் பத்து ஆட்டங்களில் எட்டில் தோற்றார். ஆனால் அந்த கிளப் முடிவுகளைவிட இத்தகைய கணக்குகளையே நம்பி நடத்தப்படுவது. அவரை வைத்துக்கொண்டது, 2021-ல், 74 ஆண்டுகளுக்குப் பிறகு, இங்கிலாந்தின் முதல் பிரிவுக்குத் திரும்பியது. ஜெர்மனியில் 2015 பிப்ரவரியில் ஆக்ஸ்பர்க்கிடம் சொந்த மண்ணில் 0-1 என்று தோற்ற டார்ட்மண்ட், பட்டியலின் அடியில் கிடந்தது. அன்றிரவு கோல்கீப்பர் வைடன்ஃபெல்லரும் தடுப்பாட்டக்காரர் ஹம்மெல்ஸும் ரசிகர்களின் வேலியில் ஏறி நின்று, கொதித்துக்கொண்டிருந்தவர்களுடன் நேருக்கு நேர் பேசினார்கள். பயிற்சியாளர் யுர்கன் க்ளாப் நீக்கப்படவில்லை. அடுத்த நான்கு லீக் ஆட்டங்களையும் வென்ற அணி, பருவத்தை ஏழாம் இடத்தில் முடித்தது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2019-20 பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் சென்னையின் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில், சென்னை நேரு விளையாட்டரங்கில், ஹைதராபாத்துக்கு எதிராக 90 நிமிடமும் கோலின்றிக் கழிந்து, இன்ஜுரி டைமில் மட்டும் மூன்று கோல்கள் விழுந்தன. ஆந்த்ரே ஷெம்ப்ரி முன்னிலை தந்தார், எதிரணி சமன் செய்தது, கடைசி நொடிகளில் வால்ஸ்கிஸ் வெற்றி கோலை அடித்தார். அரங்கமே எழுந்து நின்று ஆர்ப்பரித்த அந்த இரவுக்குப் பிறகு ஒரு வாரம் முடிவதற்குள் கிரெகரி விலகிவிட்டார். ஒரு வெற்றிக்காக முடிவைத் தள்ளிப்போடாததும் ஒரு தோல்விக்காக அவசரப்படாததும் ஒரே ஒழுக்கத்தின் இரு முகங்கள் என்பதால், அந்தத் துணிவை நான் மதிக்கிறேன்.

புதியவர் வந்ததும் அணி எழுந்து நிற்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல், அந்நாட்டு லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை ஆராய்ந்து, சரிவில் இருந்த அணிகளில் பயிற்சியாளரை மாற்றியவையும் மாற்றாதவையும் ஏறக்குறைய ஒரே விதமாகவே மீண்டன என்று காட்டினார். மிக மோசமான நிலையில் இருக்கும்போதுதான் மாற்றம் நடக்கிறது. அதற்குக் கீழே போக இடமில்லாததால் எவர் வந்தாலும் ஓரளவு ஏற்றம் வரும். 2017 பிப்ரவரியில், லெஸ்டரைச் சாம்பியனாக்கி ஒன்பதே மாதமான ரனியேரியை நீக்கியபின் அந்த அணி தொடர்ந்து ஐந்து லீக் ஆட்டங்களை வென்றது. ஆனால் அப்போது பொறுப்பேற்றவர் அந்த அக்டோபரிலேயே வேலையிழந்தார்.

ஆட்டமும் மோசம் என்று உறுதியானால், காரணம் யாரிடம் என்று பாருங்கள். சம்பளப் பட்டியல் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, காயத்தால் வெளியே இருப்பவர்கள் யார், வீரர்களைத் தேர்ந்தெடுத்தது யார் என்பவற்றை ஒரே தாளில் எழுதினால் பாதி விவாதம் அங்கேயே அடங்கிவிடும். 2018-19-ல் சென்னையினின் நடுக்களத் தூண் தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் விலகியிருந்தார். முந்தைய பருவத்தில் கோல்களைக் குவித்த ஜெஜெ லால்பெக்லுவா தடுமாறினார். அந்த நிலையில் கோப்பை வென்ற பயிற்சியாளரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமாக இருந்திருக்காது. ஆனால் அடுத்த கோடையில் வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி போன்றோரை வாங்கித் தந்த பிறகும் அணி கோல் அடிக்கத் திணறியபோது, அந்தச் சலுகை தீர்ந்துபோனது. பிறகு வால்ஸ்கிஸ் அந்தப் பருவத்தில் 15 கோல்கள் அடித்தார் என்பதே, சரக்கு நன்றாகத்தான் இருந்தது என்பதற்குச் சாட்சி.

கையில் உள்ள காலத்தையும் கணக்கிட வேண்டும். ஐ.எஸ்.எல்.லில் அன்று கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும் அபாயம் இல்லாததால், கடைசி இடத்தில் இருந்தாலும் பொறுமைக்கான விலை குறைவாக இருந்தது. இங்கிலாந்தில் 20 அணிகளில் மூன்று கீழே போகும். வருமானமும் வீரர்களும் அவற்றோடு போய்விடுவதால் அங்கே பொறுமை விலை உயர்ந்த பொருள். அதே காரணத்தால், நீக்குவதென்றால் புதியவருக்கு வேலை செய்ய நேரம் இருக்கும்போதே நீக்க வேண்டும்; ஜனவரி வீரர் பரிமாற்றக் காலத்துக்கு முன்பு என்பது என் பரிந்துரை. பர்ன்லி 2022 ஏப்ரலில், எட்டு ஆட்டங்கள் மீதமிருக்கையில் ஷான் டைஷை நீக்கியும் தப்பவில்லை. லெஸ்டர் 2023 ஏப்ரலில் பிரெண்டன் ராட்ஜர்ஸை அனுப்பியும் தப்பவில்லை.

டிரெஸ்ஸிங் ரூமில் என்ன நடக்கிறது என்பதைப் பத்திரிகைக் கசிவுகளை வைத்து அறிய முடியாது. ஆடும் பதினொருவரில் இடம் கிடைக்காதவரின் குரல்தான் வெளியே அதிகம் கேட்கும். பந்தை இழந்த அடுத்த சில நொடிகளில் முன்கள வீரர்கள் திரும்பி ஓடுகிறார்களா என்று கவனித்தால் போதும். பயிற்சியாளர் மேல் நம்பிக்கை போன இடத்தில் முதலில் நிற்பது அந்த ஓட்டம்தான்.

அடுத்தவர் யார் என்று தெரியாமலே, இப்போதுள்ள பயிற்சியாளரை அனுப்புவதுதான் நான் காணும் மிகப் பொதுவான தவறு. ஸ்டீவன் ஜெரார்டை 2022 அக்டோபரில் நீக்கிய ஆஸ்டன் வில்லா, ஸ்பெயினிலிருந்து உனாய் எமெரியை உடனே அழைத்து வந்தது. அந்தப் பருவம் ஏழாம் இடம், அடுத்தது நான்காம் இடம். காயிலும் பர்ன்லியை 2009-ல் இங்கிலாந்தின் முதல் பிரிவுக்கு உயர்த்திய அனுபவத்தோடுதான் சென்னை வந்தார். இருப்பவரைவிடத் தெளிவாக மேலான ஒருவர் கிடைக்கவில்லை என்றால், ஒப்பந்த இழப்பீட்டையும் உதவியாளர் குழு கலைவதையும் சேர்த்துக் கணக்கிட்டு, இருப்பவரோடு தொடர்வதே நல்லது.

தொடர்வது என்றானால், எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை எழுதி வையுங்கள். ஃபெர்குசன் 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்து, 1989-90 பருவத்தை 13-ஆம் இடத்தில் முடித்தார். 1990 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில் மார்க் ராபின்ஸ் அடித்த கோல்தான் அவர் வேலையைக் காப்பாற்றியது என்று கதை சொல்வார்கள். அவரை நீக்கும் எண்ணமே இருக்கவில்லை என்று கிளப்பின் தலைவர் மார்ட்டின் எட்வர்ட்ஸ் பின்னாளில் கூறினார். இளம் வீரர்களைத் தேடும் பணி அடியோடு மாற்றப்பட்டிருந்தது. ரயன் கிக்ஸ் 1987-லேயே கிளப்புக்குள் வந்துவிட்டார். நிர்வாகம் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். ஆர்செனலில் ஆர்டெட்டாவின் அணி இரண்டு பருவங்கள் எட்டாம் இடத்தில் முடித்தபோதும், சாக்கா போன்ற இளைஞர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் வளர்வது கண்ணுக்குத் தெரிந்தது. இப்படிச் சுட்டிக்காட்ட எதுவுமே இல்லையென்றால், அந்தக் காத்திருப்புக்குப் பொருள் இல்லை.

எழுதிய பிறகு, மறுபரிசீலனைக்கு ஒரு தேதி குறித்து, அதுவரை ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் அதே விவாதத்தைத் திறக்காதீர்கள். முழு நம்பிக்கை இருக்கிறது என்று அறிக்கையும் விடாதீர்கள், ஏனெனில் அதை எவரும் நம்புவதில்லை. பயிற்சியாளரிடம் அந்தத் தேதியையும் எதிர்பார்ப்பையும் நேரில் சொல்லி, அவர் கேட்கும் வீரரை இயன்றால் வாங்கிக் கொடுங்கள். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் கிளப் இதை எவரைவிடவும் நன்றாகச் செய்திருக்கிறது. 2015-ல் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய பிறகும் கிறிஸ்டியான் ஷ்ட்ரைஷ் பதவியில் தொடர்ந்தார்; மறு ஆண்டே அந்தப் பிரிவின் சாம்பியனாக அணியை மேலே கொண்டுவந்து, 2024 வரை அங்கேயே பணியாற்றினார்.