மலை வீட்டைப் பூட்டிவிட்டு வரும்போது குளிர்காலத்தில் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உறைபனி விழுவதில்லை. அந்நகரின் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதிகளில் வளர்ந்தவர்களுக்குக் குளிர்காலம் என்றால் ஒரு ஸ்வெட்டர், கூடுதலாக ஒரு போர்வை, அவ்வளவுதான். டிராக்கன்ஸ்பெர்க் மலை அடிவாரத்தில், அண்டர்பெர்க், ஹிம்வில் பக்கம் மின் இணைப்பில்லாத சிறு வீடு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு அந்தப் பழக்கமே வினையாகிறது. அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே சர்வசாதாரணமாக இறங்கும். அந்தக் குளிரிலேயே ஆடி மாதமும் வந்துவிடும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வாரங்களில் மலைப்பக்கம் போக யாருக்கு நேரம் இருக்கிறது? வீடு பூட்டியே கிடக்கும்.

முதல் தவறு, ஆளில்லாத வீட்டைச் சூடாக வைத்திருக்க முயல்வது. சுவருக்கும் கட்டிலுக்கும் குளிரால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. காப்பாற்ற வேண்டியவை குழாயில் நிற்கும் தண்ணீரும் பேட்டரியும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிலோவாட் ஹீட்டர் 12 மணி நேரம் ஓடினால் 12 யூனிட் வேண்டும். பலர் வீட்டில் இருப்பது 5 யூனிட் பேட்டரி. மாலையில் போட்டால் நள்ளிரவுக்கு முன்பே தீர்ந்துவிடும். குளிர் உச்சத்தில் இருக்கும் விடியற்காலையில் ஹீட்டரும் இல்லை, மின்சாரமும் இல்லை. எரிவாயு ஹீட்டரும் அப்படித்தான். 4 கிலோவாட் அளவுக்கு எரித்தால் 9 கிலோ சிலிண்டர் சுமார் 30 மணி நேரம்தான் வரும். புகைபோக்கி இல்லாத ஹீட்டரில் எரியும் ஒவ்வொரு கிலோ வாயுவும் ஒன்றரை லிட்டருக்கு மேல் நீராவியாக வீட்டுக்குள்ளேயே தங்கி, சுவரில் பூஞ்சை பிடிக்க வைக்கும்.

விறகடுப்பில் தணலை மூடி வைத்துவிட்டுக் கிளம்புவது இன்னும் மோசம். இங்கே குளிர்காலம்தான் மழையில்லாத காலம். மலைச்சரிவுப் புல்லெல்லாம் காய்ந்து மஞ்சளாக நிற்கும், மலையிலிருந்து இறங்கும் பெர்க் காற்று சூடாக வீசும். 1998ஆம் ஆண்டின் காட்டுத்தீச் சட்டம் நில உரிமையாளரைத் தீத்தடுப்புப் பட்டை வெட்டச் சொல்வது சும்மா இல்லை. சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அதை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டே கிளம்புங்கள்.

அப்போது தண்ணீரை என்ன செய்வது? வெளியேற்றிவிடுங்கள், இதைவிட நல்ல வழி கிடையாது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். செம்போ பிளாஸ்டிக்கோ அதைத் தாங்காது. குழாய்க்குத் துணி சுற்றினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். துணி வெப்பத்தைத் தராது, உறைவதைச் சில மணி நேரம் தள்ளிப்போடும், அவ்வளவே. பம்பை நிறுத்தி, ஜோஜோ தண்ணீர்த் தொட்டியின் வால்வை மூடுங்கள். பிறகு வீட்டின் மிகத் தாழ்வான குழாயையும் மிக உயரத்தில் இருக்கும் குழாயையும் ஒன்றாகத் திறந்து வையுங்கள். மேலே காற்று புகுந்தால்தான் கீழே முழுதாக வடியும். இதோடு முடிந்தது என்று நினைப்பதும் தவறு. பம்பின் வயிற்றில் தண்ணீர் நிற்கும். எரிவாயு கீசருக்குள் இருக்கும் மெல்லிய செப்புக் குழாய்கள்தான் பெரும்பாலும் முதலில் வெடிக்கின்றன; அதன் அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றாமல் வராதீர்கள். கழிப்பறைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். குளியல் தொட்டிக்கும் பேசினுக்கும் கீழே வளைவில் தேங்கும் நீருக்கு, உறைவதைத் தடுக்கும் திரவமான புரொப்பிலீன் கிளைக்கால் ஊற்றலாம். காருக்கு ஊற்றும் சாதாரண கூலன்ட் வேண்டாம். அதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும், நாய்க்கும் மனிதருக்கும் அது விஷம்.

கூரை மேல் சோலார் கீசர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். குளிக்கும் தண்ணீரே பலகைக்குள் ஓடும் வகை உறைபனி ஊருக்கு ஆகாது. மேகமில்லாத இரவில் பலகை வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்துகொண்டே இருப்பதால், காற்று பூஜ்ஜியத்துக்கு இரண்டு மூன்று டிகிரி மேலே இருக்கும்போதே உள்ளே உறைந்துவிடலாம். கிளைக்கால் தனிச் சுற்றாக ஓடும் வகைதான் சரி.

பேட்டரியை வெளியே தகரக் கொட்டகையில் வைப்பதும் அடிக்கடி நடக்கிறது. லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே உலோகம் படிந்து நிரந்தரமாகக் கெடும். நல்ல பேட்டரி தானே சார்ஜை மறுத்துவிடும், மலிவானதை நம்ப முடியாது. ஈய அமில பேட்டரி முழு சார்ஜில் இருந்தால் மைனஸ் 50லும் உறையாது. காலியாகக் கிடந்தாலோ மைனஸ் 10ஐ நெருங்கும்போதே உறையலாம். எனவே வீட்டுக்குள், உட்சுவரை ஒட்டி வையுங்கள். தேவையில்லாத சுமைகளை அணைத்துவிட்டு, சோலார் சார்ஜரை மட்டும் ஓட விடுங்கள்.

எல்லாத் திரைகளையும் இழுத்து மூடிவிட்டு வருவதால் இலவச வெப்பம் வீணாகிறது. இங்கே நண்பகல் வெயில் வடக்கிலிருந்து வரும். வடக்கு ஜன்னல் திரை திறந்திருந்தால் சிமென்ட் தரை பகலெல்லாம் சூடேறி இரவில் மெல்ல விடும். திருட்டுப் பயம் இருந்தால் மெல்லிய வலைத்திரை போடலாம்.

புரட்டாசி பிறந்ததும் குளிர் போய்விட்டது என்று தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள். 2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில் பெய்த பனியில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் என்3 நெடுஞ்சாலையே மூடப்பட்டு, பலர் வண்டிக்குள்ளேயே இரவைக் கழித்தார்கள். வானிலை அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு அக்டோபர் வரை பொறுப்பது நல்லது. திரும்பப் போனதும் எல்லாத் திருகுகளையும் மாட்டி, தொட்டி வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து, குழாய் போகும் வழியெல்லாம் நடந்து கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் காற்றுச் சத்தமில்லாமல் சீராக வரும்வரை கீசரைப் பற்றவைக்க வேண்டாம்.