ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடுவது எப்படி?

1. முதலில், சொல் எழுத்தில் முதன்முதலாகப் பதிவான தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 1884 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து 1928-இல் நிறைவுற்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய நூல்களிலிருந்து ஆண்டு வாரியாக மேற்கோள்களைத் தருகிறது. அதற்குச் சந்தா தேவைப்படும் என்பதால், தொடக்கநிலையினர் மெரியம்-வெப்ஸ்டர் இணைய அகராதியைப் பயன்படுத்தலாம்.

2. அடுத்து, சொல் கடந்துவந்த மொழிகளைப் பின்னோக்கிப் படியுங்கள். ‘ஆரஞ்சு’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு முன் அரபியில் ‘நாரஞ்ச்’, பாரசீகத்தில் ‘நாரங்’, சமஸ்கிருதத்தில் ‘நாரங்க’. அதற்கும் மூலம் ஒரு திராவிடச் சொல்லாக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுவதால், நம் நாரத்தையும் இந்த உறவுமுறைக்குள் வந்துவிடுகிறது. சொல்லின் முதலில் இருந்த ‘ந’ என்னும் எழுத்து எங்கே போயிற்று? இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் ‘ஒரு’ என்னும் பொருளில் முன்னால் நிற்கும் சொல் ‘ன்’ ஒலியில் முடிவதால், இரண்டு ஒலிகளும் ஒன்றெனக் கேட்டு, பழப்பெயரின் ‘ந’ ஒலி உதிர்ந்துவிட்டது என்பது பரவலான விளக்கம். ஆங்கிலத்திலும் ‘நேப்ரன்’ என்றிருந்த சமையலறை மேலாடை இவ்வாறே ‘ஏப்ரன்’ ஆயிற்று. ஆரஞ்சு என்பது ஆங்கிலத்தில் முதலில் பழத்தின் பெயர்தான். நிறத்தின் பெயரானது 16-ஆம் நூற்றாண்டில்.

அகராதியில் ஒரு வடிவத்துக்கு முன் நட்சத்திரக் குறி இருந்தால், அது எழுத்துச் சான்று இல்லாமல் அறிஞர்கள் ஊகித்து மீட்டமைத்தது என்று கொள்ளுங்கள்.

3. பொருள் மாறிய வரிசையையும் பாருங்கள். ‘நைஸ்’ என்பதன் லத்தீன் மூலத்துக்கு ‘அறியாதவன்’ என்று பொருள்; 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்தில் நுழைந்தபோது அது ‘முட்டாள்தனமான’ என்றே வழங்கியது. இன்றைய ‘இனிய’ என்னும் பொருள் 18-ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது.

4. கடைசியாக, கேள்விப்பட்ட கதையைச் சோதியுங்கள். நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்தே ‘நியூஸ்’ பிறந்தது என்று பள்ளியிலேயே கேட்டிருப்போம். ஆசிரியர்களும் சலிக்காமல் சொல்லிவருகிறார்கள். உண்மையில் அது ‘புதிய’ எனப் பொருள்படும் ‘நியூ’ என்பதன் பன்மை. ‘புதியவை’ என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லைப் பின்பற்றி அமைந்தது. 16-ஆம் நூற்றாண்டு நூல்களில் இச்சொல்லின் இறுதி ‘எஸ்’ எழுத்துக்கு முன் இன்னொரு ‘இ’ எழுத்தும் இருப்பதைக் காணலாம். அந்தக் கூடுதல் எழுத்துக்கு எந்தத் திசையும் இல்லை.