செங்கோட்டை எந்த மாவட்டம்? காலத்தோடு மாறும் வரைபடத் தரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டை எந்த மாவட்டம் என்று இன்று கேட்டால் தென்காசி என்பார்கள். 2015இல் கேட்டிருந்தால் திருநெல்வேலி என்றிருப்பார்கள். 1955இல் கேட்டிருந்தால் சென்னை மாநிலத்திலேயே அந்த ஊர் இல்லை, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் மலைக்கு இந்தப் பக்கத்து நிர்வாகத்தோடு சேர்ந்தது. ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைச் சுற்றிய கோடுகள் நகர்ந்திருக்கின்றன.

நிலத் தரவோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கணினியில் ‘எங்கே’ என்பதைக் கவனமாகப் பதிகிறார்கள். ‘எப்போதிலிருந்து, எப்போது வரை’ என்பதை விட்டுவிடுகிறார்கள். திருநெல்வேலிச் சீமையின் குளங்களை வரைபடமாக்கும் வேலையில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். நான் செய்ததும், பிறர் செய்து என்னிடம் வந்து சேர்ந்ததுமான தவறுகளையே இங்கே எழுதுகிறேன்.

பழையதன் மேல் எழுதுவது

2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் பிறந்தது. தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில், ஆலங்குளம் என எட்டு வட்டங்கள் பிரிந்து போயின. எங்கள் குளப் பட்டியலில் அந்த வட்டங்களுக்கு நேரே இருந்த ‘திருநெல்வேலி’யை ஒரே கட்டளையில் ‘தென்காசி’ என்று மாற்றினேன். அன்றைக்கு அது சரியான வேலையாகத்தான் தோன்றியது.

சில மாதங்கள் கழித்து அதே பட்டியலை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு இணைத்தோம். அந்தக் கணக்கெடுப்பில் திருநெல்வேலி என்பது 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கொண்ட பிரிக்கப்படாத மாவட்டம். எங்கள் பட்டியலில் திருநெல்வேலி என்பதோ பிரிந்தபின் எஞ்சியது. பின்னத்தின் தொகுதி (மேல் எண்) ஒரு காலத்தது, பகுதி (கீழ் எண்) வேறொரு காலத்தது. ஆளுக்கு எவ்வளவு குளப்பரப்பு என்ற கணக்கு படுபாதாளத்துக்குப் போனது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. பெயர்கள் பொருந்தினால் கணினிக்கு எல்லாம் சரிதான்.

எந்த எல்லையையும் திருத்தி எழுதக் கூடாது. பழைய பதிவை முடித்துவைத்துப் புதிய பதிவைத் திறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாள், முடிவு நாள் என்று இரண்டு தேதிகள் வேண்டும். முடிவு நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய திருநெல்வேலி 2019 நவம்பர் 22இல் முடிகிறது, புதிய தென்காசி அதே 22இல் தொடங்குகிறது. அந்த நாள் புதியதற்கே சொந்தம். இரண்டு முனைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த ஒரு நாளில் கடையநல்லூர் இரண்டு மாவட்டங்களிலும் வந்து நிற்கும்.

பலர் சறுக்கும் இடம் இன்னொன்று. புதிய தென்காசியை வரைந்து சேர்ப்பார்கள், சுருங்கிப்போன திருநெல்வேலியை வரைய மறந்துவிடுவார்கள். 1986இல் தூத்துக்குடி பிரிந்ததற்கும் இதே விதிதான். இந்தச் சரிபார்ப்பை மனித நினைவை நம்பி விடக் கூடாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 9.2 பதிப்பிலிருந்தே தேதி வரம்பு என்ற தரவு வகை இருக்கிறது. ஒரே மாவட்டத்தின் இரண்டு பதிவுகள் காலத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் ஏற்றுக்கொள்ளாதே என்று அதனிடமே சொல்லிவைக்கலாம். 18ஆம் பதிப்பில் இதை முதன்மைச் சாவியின் (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பின்) பகுதியாகவே எழுத முடிகிறது. இரண்டு வெவ்வேறு மாவட்டங்கள் நிலத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றனவா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

சர்வே எண்ணை அடையாளமாகக் கொள்வது

214 என்ற புலம் அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் 214/1, 214/2 ஆகிறது. அடுத்த தலைமுறையில் 214/1 பிரிந்து 214/1ஏ, 214/1பி ஆகிறது. சர்வே எண்ணையே சாவியாக வைத்திருந்தால், உட்பிரிவு ஆனதும் பழைய பதிவு அநாதையாகிவிடும். தரவுத்தளத்துக்குள் பொருள் எதுவும் இல்லாத ஓர் எண்ணைச் சாவியாக வையுங்கள். சர்வே எண் வெறும் பெயராக, அதற்கும் ஒரு தொடக்கமும் முடிவுமாக இருக்கட்டும். எதிலிருந்து எது பிரிந்தது என்பதைத் தனி அட்டவணையில் எழுதுங்கள். வில்லங்கம் பார்க்கிறவர் பத்திரத்தைப் பின்னோக்கிப் படிப்பதுபோல வரைபடத்தையும் பின்னோக்கிப் படிக்க அதுதான் வழி.

எந்த நாளின் மழை?

2023 டிசம்பர் பெருவெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. அந்த ‘ஒரே நாள்’ நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிவதில்லை. வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. டிசம்பர் 18ஆம் தேதிக்கு நேரே எழுதப்பட்ட அளவில் பெரும்பகுதி 17ஆம் தேதி பெய்த மழை. இதை அறியாமல் மழை அட்டவணையையும் ஆற்று நீர்மட்ட அட்டவணையையும் தேதியை வைத்து மட்டும் இணைத்தால், வெள்ளம் மழைக்கு முந்தி வந்ததுபோலத் தெரியும். மழையை ஒரு தேதியாகப் பதியாமல், இன்ன மணியிலிருந்து இன்ன மணி வரை என்ற இடைவெளியாகப் பதியுங்கள்.

ஜி.பி.எஸ். கருவிகளில் இதன் தங்கை ஒருத்தி இருக்கிறாள். அவை பெரும்பாலும் உலகப் பொது நேரத்தைத் தருகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. அதிகாலை 4.45க்குப் பாளையங்கோட்டையிலிருந்து புறப்படும் பஸ், தரவில் முந்தைய நாள் இரவு 11.15க்குப் புறப்பட்டதாக இருக்கும். ‘திங்கள்கிழமைப் பயணங்கள்’ என்று கேட்டால் அது ஞாயிற்றுக்கிழமையோடு போய்விடும். நேர மண்டலத்தோடு சேர்த்துச் சேமித்து, கேட்கும்போது இந்திய நேரத்துக்கு மாற்றிக் கேளுங்கள்.

குளத்துக்கு ஒரே கோடு

எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். ஒரு குளத்துக்கு எல்லை எது? கிராமக் கணக்கில் இருக்கும் புல எல்லை ஒன்று. குளம் நிரம்பி மறுகால் (உபரி நீர் வெளியேறும் வழி) பாயும்போது நீர் எட்டும் விளிம்பு ஒன்று. இன்றைக்கு நீர் நிற்கும் விளிம்பு ஒன்று. முதலாவது உட்பிரிவு வந்தால்தான் மாறும். இரண்டாவது, மறுகாலின் உயரத்தை மாற்றினாலோ வண்டல் சேர்ந்தாலோ மாறும். மூன்றாவது வாரத்துக்கு வாரம் மாறும். மூன்றையும் அட்டவணையின் ஒரே பத்தியில் (column) திணித்து, புதிதாக எது கிடைத்ததோ அதை மேலே எழுதிவிடுகிறார்கள். பிறகு வெயில் காலத்துப் படம் ஒன்று வந்து குளத்தைப் பாதியாக்கிவிடுகிறது. வெளியே தெரியும் நிலம் புறம்போக்குபோல வரைபடத்தில் விரிந்து கிடக்கிறது. ஆக்கிரமிப்புக்கு நாமே கோடு போட்டுக் கொடுத்ததாக ஆகும்.

ஒப்பிடும்போது பருவம் பாருங்கள். தாமிரபரணிக் கால்வாய்களில் நீர் பெறும் குளத்துக்குத் தென்மேற்குப் பருவத்தில் பொதிகையிலிருந்து தண்ணீர் வரும். கார் சாகுபடியே அதை நம்பித்தான். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து மானாவாரிக் குளங்கள் வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கும். ஆகஸ்ட் படத்தையும் ஜனவரி படத்தையும் வைத்துக்கொண்டு ‘குளம் சுருங்குகிறது’ என்று எழுதுவது அநியாயம்.

படம் இல்லாத நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை கடக்கும். ஆனால் வெள்ள நாட்களில் அவற்றுக்குத் தெரிவது மேகம் மட்டும். ரேடார் கொண்ட சென்டினல்-1 மேகத்தை ஊடுருவும். அந்த டிசம்பரில் ஒன்றே ஒன்று இயங்கியதால் அது பழைய தடத்துக்குத் திரும்ப 12 நாள் ஆனது. இடையில் விடுபட்ட நாளுக்குப் பூஜ்யம் போடாதீர்கள். ‘நீர் இல்லை’ என்பது வேறு, ‘பார்க்கவில்லை’ என்பது வேறு. முன்னும் பின்னும் உள்ள படங்களை வைத்து நேர்கோடு இழுப்பதும் ஆபத்து. அந்த வெள்ளத்தில் கரை உடைந்த குளங்கள் பல. உடைப்பு விழுந்த குளம் சில நாட்களில் வெறுந்தரையாகிவிடும். பின்னால் வந்த படத்தை மட்டும் நம்பினால் அந்தக் குளத்துக்கு மழையே வரவில்லை என்று முடிவு கட்டுவீர்கள்.

நகராத ஆற்றை நகர்த்துவது

பழைய டோபோ ஷீட்டுகள் (அரசு நிலவரைபடத் தாள்கள்) எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற பூமி வடிவக் கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ்.84 என்ற வேறொரு கணக்கு. முறையாக மாற்றாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் விலகும். தாமிரபரணி இத்தனை ஆண்டில் இவ்வளவு தூரம் ஒதுங்கிவிட்டது என்று அதை வாசிப்பவர்கள் உண்டு. ஆற்றைத் தொடும் முன், அசையாத இரண்டு மூன்று கோவில்களை வைத்துச் சரிபாருங்கள். பரப்பளவைப் பாகையில் கணக்கிடவும் வேண்டாம். மீட்டருக்கு மாற்றும்போது, யு.டி.எம். (உலகைப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) பகுதி 43உம் 44உம் சந்திக்கும் 78 பாகை தீர்க்கரேகையை ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஆத்தூருக்கும் இடையே ஆறு கடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். முழு ஆற்றுக்கும் ஒரே பகுதியைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள்.

வினவலின் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியின்) வேகம் பற்றிச் சுருக்கமாக: இடத்துக்கு ஓர் இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை), காலத்துக்கு ஓர் இன்டெக்ஸ் என்று பிரித்து வைப்பதைவிட, இரண்டும் சேர்ந்த ஜிஸ்ட் (போஸ்ட்கிரெஸ்ஸின் ஒரு வகை) இன்டெக்ஸ் பெரும்பாலும் உதவும். வடிவத்தை வினவலுக்குள் வரிக்கு வரி வேறு ஆயமுறைக்கு மாற்றினால் இன்டெக்ஸ் பயன்படாது. முன்பே மாற்றிச் சேமியுங்கள்.

நடந்த நாளும் தெரிந்த நாளும்

அந்த டிசம்பர் வெள்ளத்தில் கரை உடைந்தது 18ஆம் தேதி. எங்கள் பட்டியலில் ஏறியது, பாதை திறந்து ஆள் போய்ப் பார்த்த பிறகு. ‘20ஆம் தேதி எந்தெந்தக் குளங்கள் உடைந்திருந்தன’ என்பது ஒரு கேள்வி. ‘எந்தெந்தக் குளங்கள் உடைந்ததாக 20ஆம் தேதி உங்களுக்குத் தெரியும்’ என்பது வேறொரு கேள்வி. முதலாவதை விவசாயி கேட்பார். இரண்டாவதைத் தகவல் அறியும் மனுவிலோ நீதிமன்றத்திலோ கேட்பார்கள். நிகழ்வுக்கு இரண்டு தேதி, பதிவுக்கு இரண்டு தேதி, ஆக ஒவ்வொரு வரிக்கும் நான்கு பத்திகள் வேண்டும். எங்களிடம் அன்று இருந்தவை இரண்டு மட்டும். 20ஆம் தேதிப் பட்டியல் எப்படி இருந்தது என்று கேட்டு வந்த ஒரு பெரியவருக்கு, அச்சடித்து மேசையில் கிடந்த தாளைத் தேடி எடுத்துத்தான் கொடுக்க முடிந்தது.