கான்கிரீட் அடித்தளச் சுவரில் மரத்தளச் சட்டங்களைப் பொருத்தும் முறை

மரத்தளம் அமைக்கும் வீட்டில், நாம் நடக்கும் பலகைக்குக் கீழே வரிசையாகக் கிடந்து எடையைச் சுவருக்குக் கடத்துபவை ஜாயிஸ்ட் எனப்படும் குறுக்குச் சட்டங்கள். இவற்றின் நுனிகள் அடித்தளச் சுவரின் தலைமீது உட்காரலாம், சுவரின் உள்முகத்தில் பொருத்திய இரும்புத் தாங்கியில் தொங்கலாம், அல்லது சுவரிலேயே விட்டு வைத்த பொந்துகளுக்குள் நுழைந்து அமரலாம். மூன்றாவது முறையை முதன்முறையாகச் செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சுவரின் தலைமீது சட்டங்களை வைக்க முடியுமானால் அப்படியே வையுங்கள்; அதுவே எளிது, பழுது பார்க்கவும் வசதி. தளத்தின் மட்டம் வெளித்தரைக்கு அருகில் தாழ்வாக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உள்ளபோதுதான் பொந்து முறைக்குப் போக வேண்டும். அப்போதும் ஒரே ஒரு சட்டம் தவறான இடத்தில் வந்தால், கெட்டிப்பட்ட கான்கிரீட்டை உடைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

பொந்துக்குள் மரத்துக்கு என்ன நேர்கிறது

கான்கிரீட் பார்ப்பதற்குக் கல்லைப் போல் இருந்தாலும் அதனுள் நுண்ணிய துளைகள் உண்டு. மண்ணை ஒட்டி நிற்கும் சுவர், திரி எண்ணெயை இழுப்பதுபோல் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். மரத்தின் பக்கவாட்டு முகம் ஈரத்தை மெதுவாகத்தான் ஏற்கும். ஆனால் அறுத்த நுனி அப்படியல்ல. மரம் உயிரோடு இருந்தபோது நீரை மேலே கொண்டுசென்ற நாளங்களின் வாய்கள் எல்லாம் அங்கேதான் திறந்திருக்கின்றன. ஆக, ஈரமான சுவருக்குள் மரத்தின் மிகப் பலவீனமான பகுதியையே நாம் நுழைக்கிறோம். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே நிற்கும் வரை அழுகல் பூஞ்சை பொதுவாக மரத்தில் வேர்பிடிக்காது. அதைத் தாண்டி நீண்ட காலம் ஈரம் நின்றால், பொந்துக்குள் அமர்ந்து எடையைத் தாங்கும் அந்தச் சிறு நீளமே முதலில் மெத்தென்றாகும்.

நான் முதன்முதலில் இந்த வேலையைச் செய்தபோது, சட்டத்தைச் சுற்றியிருந்த இடைவெளியைச் சிமெண்ட் கலவையால் நெருக்கமாக அடைத்துப் பூசி விட்டேன். பார்வைக்கு மிகவும் நேர்த்தியாக இருந்தது. சில ஆண்டுகள் கழித்து வேறொரு காரணத்துக்காகப் பலகையைப் பெயர்த்து, சட்டத்தின் நுனியில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தியபோது, அது தடையின்றி உள்ளே இறங்கியது. மரத்தைக் கெடுத்தது நான் அடைத்த அந்த நேர்த்தியான கலவைதான். பின்வரும் படிகள் எல்லாவற்றிலும் நினைவில் வைக்க வேண்டியது இதுவே: சட்டத்தின் அடிப்பகுதி உறுதியான இடத்தில் உட்கார வேண்டும், மற்ற முகங்களைச் சுற்றிக் காற்று இருக்க வேண்டும்.

படி 1: அளவுகளைத் தீர்மானித்தல்

அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் ஐஆர்சி என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கான்கிரீட்டின் மேல் அமரும் சட்டத்துக்குக் குறைந்தது 3 அங்குலம், அதாவது சுமார் 76 மி.மீ., தாங்கல் நீளம் வேண்டும் என்கிறது. கான்கிரீட் வெளிச்சுவருக்குள் நுழையும் மர விட்டத்தின் மேலும், பக்கங்களிலும், நுனியிலும் அரை அங்குல இடைவெளி விட வேண்டும், இல்லையேல் அழுகலைத் தடுக்கும் மருந்தேற்றிய மரத்தையோ இயல்பிலேயே அழுகலைத் தாங்கும் மரத்தையோ பயன்படுத்த வேண்டும் என்றும் அது கூறுகிறது. உங்கள் இடத்தின் விதி வேறாக இருக்கலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் வழக்கம், இடைவெளியையும் விட்டு, மருந்தேற்றிய மரத்தையும் போடுவது.

50 மி.மீ. அகலமும் 200 மி.மீ. உயரமும் உள்ள ஒரு சட்டத்தை எடுத்துக்கொள்வோம். இரு பக்கமும் 12 மி.மீ. இடைவெளி சேர்த்தால் பொந்தின் அகலம் ஏறத்தாழ 75 மி.மீ. ஆகும். 76 மி.மீ. தாங்கலோடு நுனியில் 12 மி.மீ. இடைவெளியும் சேர்த்தால், சுவருக்குள் பொந்து 90 மி.மீ. ஆழம் போக வேண்டும். 200 மி.மீ. தடிமனுள்ள சுவரில் இதற்குப் பின் 110 மி.மீ. கான்கிரீட் மிஞ்சும். அதைவிட மெல்லிய சுவரில் இந்த முறையை நினைத்தே பார்க்க வேண்டாம்.

இனி மட்டம். தரையின் இறுதி மட்டத்திலிருந்து கீழ்நோக்கிக் கணக்கிடுங்கள்: மேற்பூச்சுப் பலகை 12, அடிப்பலகை 18, சட்டம் 200, அடியில் வைக்கும் இரும்புத் தகடு 6, மொத்தம் 236 மி.மீ. பொந்தின் அடியை மிகச்சரியாக இந்த இடத்தில் வார்க்க முயலாமல் 250 மி.மீ. கீழே வைத்துவிடுங்கள். மீதமுள்ள 14 மி.மீ. பிறகு கலவை இட்டு மட்டம் சரிசெய்வதற்கு உதவும். தாழ்வாக வந்த பொந்தை உயர்த்துவது ஒரு மணி நேர வேலை; உயரமாக வந்துவிட்ட பொந்தைச் செதுக்குவது ஒரு நாள் வேலை.

படி 2: திறந்த பொந்தா, மூடிய பொந்தா

தொடக்க நிலையில் உள்ள பலர் கவனிக்காத இடம் இது. சட்டத்தின் நீளம் சுவர்களுக்கு இடையிலான தூரத்தைவிட இரு பக்கத் தாங்கலின் அளவுக்கு, ஏறக்குறைய 150 மி.மீ., அதிகம். நான்கு புறமும் மூடிய பொந்துகள் எதிரெதிரே இருந்தால் அவற்றுக்குள் சட்டத்தை நுழைக்கவே முடியாது. ஒரு பக்கப் பொந்தை மட்டும் 165 மி.மீ. அல்லது அதற்கும் கூடுதலாக ஆழப்படுத்தி, சட்டத்தை முதலில் அங்கே முழுதாக உள்ளே தள்ளி, மறுமுனையை இறக்கி, பிறகு பின்னுக்கு இழுத்து உட்கார வைக்கலாம். ஆனால் 200 மி.மீ. சுவரில் அவ்வளவு ஆழம் போனால் பின்புறம் ஓடு போலத்தான் மிஞ்சும். எனவே சுவரின் தலை வரை திறந்த, பல்லிடுக்குப் போன்ற பொந்துகளையே தேர்ந்தெடுங்கள். சட்டத்தை மேலிருந்து நேராக இறக்கிவிடலாம்.

மூடிய பொந்து தவிர்க்க முடியாதது என்றால், சட்டத்தின் நுனியை மேலிருந்து கீழாகச் சாய்வாக அறுத்து, அதன் மேல்விளிம்பு சுவரின் உள்முகத்தைத் தாண்டாதபடி செய்ய வேண்டும். தீப்பற்றி சட்டம் நடுவில் முறிந்து விழும்போது, சதுரமாக அறுத்த நுனி நெம்புகோல்போல் சுவரை நெம்பித் தள்ளும். சாய்வாக அறுத்த நுனி பொந்திலிருந்து நழுவி வெளியே வந்துவிடும். செங்கல் சுவர்க் காலத்திலிருந்தே தச்சர்கள் கடைப்பிடிக்கும் பழக்கம் இது.

படி 3: கம்பி கட்டும்போது

வெளியிலிருந்து மண் அழுத்துவதால் அடித்தளச் சுவர் உள்நோக்கி வளையப் பார்க்கும். ஆகையால் அதன் இழுவிசை உள்முகத்தில்தான் விழும், செங்குத்துக் கம்பிகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே நிற்கும். நாம் பொந்து விடுவதும் அதே உள்முகத்தில். இரண்டும் மோதாமல் இருக்க, கம்பி கட்டுவதற்கு முன்பே சட்டங்களின் மையக்கோடுகளைக் குறித்து, கம்பிகள் பொந்துகளுக்கு இடையில் வரும்படி இடைவெளியை அமைக்க வேண்டும். சட்டங்களுக்கு இடையே 400 மி.மீ. மையத்தூரம் என்றால் கம்பிக்கும் அதே கணக்கையோ அதன் பாதியையோ வைத்துக்கொள்வது வசதி. சுவரின் தலைக்கு அருகே ஓடும் கிடைக்கம்பி பொந்தின் அடியிலோ பின்புறமோ போக வேண்டும். பொந்து வரும் இடத்தில் கம்பியை வெட்டிவிட்டு நகர்ந்துவிடும் பழக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். இந்த ஏற்பாட்டைக் கட்டமைப்புப் பொறியாளர் வரைபடத்தில் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே ஷட்டரிங்கை, அதாவது கான்கிரீட் ஊற்றுவதற்கான அச்சுப் பலகைகளை, மூட வேண்டும்.

படி 4: அச்சுக்கட்டைகள்

ஒவ்வொரு பொந்துக்கும் ஓர் அச்சுக்கட்டை வேண்டும். அடர்த்தியான தெர்மோகோலை அறுத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றிப் பயன்படுத்தலாம். மரத்தில் செய்வதானால், பிறகு எளிதாகக் கழன்று வரும்படி உட்புறம் சற்றே குறுகும் சாய்வு கொடுங்கள். ஷட்டரிங் பலகையின் உள்முகத்தில் மட்ட நூலைக் கட்டி, எல்லாக் கட்டைகளின் அடியும் அந்த நூலைத் தொடுமாறு ஆணியோ திருகோ போட்டு இறுக்குங்கள். எதிர்ச்சுவருக்கு அளவு எடுக்கும்போது, இரண்டு சுவர்களிலும் ஒரே பக்கத்து மூலையிலிருந்து தொடங்குங்கள். ஒரு சுவரை இடமிருந்தும் மற்றதை எதிர்முனையிலிருந்தும் அளந்தால் எல்லாச் சட்டங்களும் கோணலாகிவிடும்.

கான்கிரீட் ஊற்றும்போது, கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரின் தலை அச்சுக்கட்டையில் படக் கூடாது. ஆனால் கட்டையின் அடிப்புறத்தில் கலவை நன்றாகச் சென்று நிறைய வேண்டும். சட்டம் உட்காரப் போகும் இடம் அதுவே என்பதால், அங்கே தேன்கூடு போன்ற ஓட்டைகள் விழுந்தால் தாங்கலே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். ஊற்றி முடித்தவுடன், கலவை இளகி இருக்கும்போதே, நூலை மீண்டும் பிடித்துப் பாருங்கள். நகர்ந்த கட்டையை அப்போது கையாலேயே சரிசெய்துவிடலாம்.

படி 5: பொந்தின் அடியைத் தயார் செய்தல்

ஷட்டரிங்கைக் கழற்றி, கட்டைகளை எடுத்து, பொந்துகளைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். கான்கிரீட் கெட்டியாகும் வரை தண்ணீர் ஊற்றி ஈரம் காக்க வேண்டும் என்பது தெரிந்ததே. பிறகு கிரவுட் எனப்படும் சுருங்காத சிமெண்ட் கலவையை அடியில் இட்டு, எல்லாப் பொந்துகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நீண்ட தூரத்துக்கு ரசமட்டத்தை நம்பாமல் நீர்மட்டக் குழாயையோ லேசர் மட்டத்தையோ பயன்படுத்துங்கள்.

கிரவுட் கெட்டியானதும் அதன் மேல் துருப்பிடிக்காதவாறு நாக முலாம் பூசிய தகட்டையும், தகட்டின் மேல் தார் அட்டை போன்ற ஈரத்தடுப்புத் துண்டையும் வையுங்கள். கீழிருந்து ஏறும் ஈரம் இங்கேயே நின்றுவிட வேண்டும். மட்டம் போதவில்லை என்பதற்காகக் கையில் கிடைத்த பிளைவுட் துண்டுகளை அடுக்கக் கூடாது. அவை நசுங்கும், காய்ந்து சுருங்கும், கடைசியில் தளம் கிறீச்சிடும்.

படி 6: சட்டங்களை இறக்குதல்

ஒவ்வொரு சட்டத்தையும் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பார்த்தால், பெரும்பாலும் ஒரு பக்கம் இலேசாகக் கூன் போட்டிருக்கும். அந்தக் கூன் மேல்நோக்கி வர வேண்டும்; எடை ஏறும்போது அது தானே சமமாகும். எல்லாச் சட்டங்களிலும் மேல்முகத்தில் ஓர் அடையாளம் இட்டுவிட்டால் இறக்குகிறவர் குழம்ப மாட்டார். நீளத்துக்கு அறுத்ததும், மருந்தேற்றிய மரமாக இருந்தாலும், புதிதாக அறுத்த நுனியில் மருந்தை மீண்டும் தூரிகையால் பூச வேண்டும். தொழிற்சாலையில் ஏற்றிய மருந்து பல மரங்களில் நடுப்பகுதி வரை இறங்குவதில்லை. செம்பு கலந்த மருந்து சாதாரண இரும்பை அரிக்கும் என்பதால், ஆணி, திருகு, பட்டை எல்லாம் நாக முலாம் பூசியவையாக இருக்கட்டும்.

முதலில் இரண்டு ஓரங்களின் சட்டங்களை இறக்கி மட்டம் பார்த்து, அவற்றின் மேல்முகத்தில் நூல் கட்டி, மற்றவற்றை அந்த நூலுக்குப் பொருத்துங்கள். ஒரு சட்டம் சற்று உயரமாக நின்றால் நுனியின் அடியை இழைக்கலாம். ஆனால் ஆழமாக வெட்டக் கூடாது. நுனியில் போடும் வெட்டு, சட்டத்தின் உயரத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது ஐஆர்சி விதி, 200 மி.மீ. சட்டத்துக்கு அது 50 மி.மீ. அவ்வளவு வரை போக வேண்டிய நிலை வந்தால், பொந்தின் மட்டத்தில்தான் பிழை என்று அறிந்துகொண்டு அதைத் திருத்துங்கள்.

படி 7: அசையாமல் பிணைத்தல்

பொந்தில் உட்கார்ந்துவிட்டதாலேயே சட்டம் நிலைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். சுற்றிலும் இடைவெளி விட்டிருப்பதால் அது பக்கவாட்டில் சாயலாம். எனவே சுவரை ஒட்டி, ஒவ்வோர் இரண்டு சட்டங்களுக்கும் இடையில், சட்டத்தின் முழு உயரத்துக்கு ஒரு குறுக்குக்கட்டையைப் பொருத்துங்கள். அதுவும் கான்கிரீட்டைத் தொடாமல் சற்று விலகி நிற்கட்டும். பொறியாளர் குறித்த இடைவெளிகளில் முலாம் பூசிய இரும்புப் பட்டையைச் சுவரில் ஆங்கர் போல்ட்டால் இறுக்கி, சட்டத்தோடு ஆணியடித்துப் பிணையுங்கள். சட்டங்களுக்கு இணையாக ஓடும் இரண்டு சுவர்களைப் பலர் மறந்துவிடுவார்கள். அங்கும் முதல் சில சட்டங்களுக்கு இடையே குறுக்குக்கட்டைகள் இட்டு, பட்டையை அவற்றின் மேல் ஓடவிட்டுச் சுவரோடு கட்ட வேண்டும்.

பின்னர் அடிப்பலகையை ஒட்டித் திருகுங்கள். பலகை சுவரின் தலைமீது நீளுமானால் இரண்டுக்கும் நடுவே ஈரத்தடுப்புத் தாள் வேண்டும். பலகை மூடுவதற்கு முன், பொந்துகளில் விழுந்திருக்கும் மரத்தூள், கலவைக் கட்டி, காகிதம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தேங்கிய குப்பை ஈரத்தைப் பிடித்து வைக்கும், கரையானுக்கும் வழி காட்டும்.

படி 8: வெளியே மண் நிரப்புவது

இதைக் கடைசிப் படியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. அடித்தளச் சுவரின் மேல்முனையை உள்நோக்கிச் சாயாமல் பிடித்து நிறுத்துவது, சட்டங்களும் பலகையும் சேர்ந்த இந்தத் தளம்தான். தளம் பிணைக்கப்படுவதற்கு முன் வெளியே மண்ணைக் கொட்டி இடித்தால், சுவர் தனியாக நின்று அந்த அழுத்தம் முழுவதையும் வாங்கும். பொந்துகளின் மூலைகளிலிருந்து விரிசல் தொடங்கும். அவசரம் என்றால் உட்புறம் தற்காலிக முட்டுக்கொடுத்த பிறகே மண் நிரப்பலாம்.

அதற்கும் முன்பாக, சுவரின் வெளிமுகத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தாக வேண்டும். தாழ்ந்த தளத்தில் சட்டத்தின் நுனிக்கும் ஈர மண்ணுக்கும் நடுவே இருப்பது அந்த 110 மி.மீ. கான்கிரீட் மட்டுமே. பூச்சைத் தரைமட்டம் வரை இடைவிடாமல் கொண்டுவந்து, பொந்துகளுக்கு நேர் பின்னால் உள்ள பகுதியில் இரண்டாவது முறையும் பூசிவிட்டு, அது உலர்ந்த பின் மண்ணைச் சிறு சிறு அடுக்குகளாக நிரப்பி, மேற்பரப்பைச் சுவரிலிருந்து வெளிநோக்கிச் சரிவாக முடியுங்கள்.