வானொலியில் புதுப் பாட்டு தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

ஒரு பாட்டு பிடிக்கவில்லை என்றால் உடனே கை அடுத்த நிலையத்துக்குப் போய்விடுகிறது. செல்போனில் பாட்டைத் தள்ளித் தள்ளிக் கேட்டு வந்த பழக்கம். தனியார் பண்பலைகளில் அப்படித் தாவினால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. எதில் நின்றாலும் பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான். உள்ளூர் ஆகாசவாணி நிலையம் அப்படி இல்லை. அங்கே அரை மணி நேரமாவது உட்கார வேண்டும்.

“ஆகாசவாணியா? செய்தியும் வயலும் வாழ்வும்தானே!” என்று அதை ஒதுக்குவதுதான் பெரிய தவறு. அந்தந்த வட்டாரக் கலைஞர்கள் குரல் தேர்வில் தேறி, தரம் பெற்று, நிலையத்துக்கே வந்து பாடிப் பதிவு செய்தவை அங்கே ஒலிபரப்பாகின்றன. திருநெல்வேலிப் பக்கம் என்றால் வில்லுப்பாட்டு கேட்கலாம். மெல்லிசை என்று ஒரு வகை உண்டு: சினிமாவுக்கு எழுதாத பாட்டு, வானொலிக்கென்றே மெட்டமைத்தது. இவற்றில் பல இசைத்தட்டாகவோ கேசட்டாகவோ வந்ததே இல்லை. அதனால் பாட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும் செயலியிடம் போனை நீட்டினாலும் அது விழிக்கும்.

அங்கேதான் அடுத்த தவறு வருகிறது, அறிவிப்பைக் காதில் வாங்காமல் விடுவது. பாடுபவர், ராகம், தாளம், பக்கவாத்தியம் எல்லாவற்றையும் அறிவிப்பாளர் சொல்லிவிடுவார். கையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தால் போதும். நான் ஒரு மெல்லிசைப் பாட்டை அப்படிக் கோட்டை விட்டேன். வரி மறந்துவிட்டது, மெட்டு மட்டும் இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது. யாரிடம் போய்க் கேட்பது?

மதியம் ஒரு நாள் கேட்டுவிட்டு “ஒன்றும் இல்லை” என்று முடிவு கட்டாதீர்கள். விடியற்காலை மங்கள இசையில் நாதஸ்வரம், இரவில் கச்சேரி என்று நேரத்துக்கு நேரம் ஆள் மாறும்.

அப்புறம் கருவி. தானாக நிலையம் தேடும் பொத்தானை நம்பினால், சமிக்ஞை பலவீனமான நிலையங்களை அது தாண்டிப் போய்விடும். கையால் மெதுவாகத் திருப்புங்கள். போனில் பண்பலை கேட்க கம்பி வைத்த இயர்போன் வேண்டும், அந்தக் கம்பிதான் ஆன்டெனா. மத்திய அலையை, அதாவது மீடியம் வேவை, தொடாமலே இருப்பவர்களும் அதிகம். திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ் போன்றவை இருட்டிய பிறகு வெகுதூரம் போகும். இரைச்சல் வந்தால் பெட்டியைத் திசை மாற்றி வைத்துப் பாருங்கள், பக்கத்தில் இருக்கும் சார்ஜரையும் எல்இடி விளக்கையும் அணையுங்கள். பண்பலைக்கு உயரம்தான் பலம்; கொடைக்கானலின் கோடைப் பண்பலை 100.5 சமவெளியில் பல மாவட்டங்களுக்கு எட்டுவது மலைமேல் கோபுரம் இருப்பதால்தான்.

கடைசியாக, மொழி தெரியவில்லை என்று திருப்பிவிடுவது. ராமேஸ்வரம், தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கைப் பண்பலைகள் கேட்கும். தமிழ் நிலையத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, ஒரு சிங்கள நிலையத்துக்கும் போய்ப் பாருங்கள். பைலா என்கிற இலங்கைத் துள்ளல் பாட்டு வந்தால் விட்டுவிடாதீர்கள். போர்த்துகீசியர் காலத்துச் சரக்கு அது. இரண்டாவது பாட்டுக்குள் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிடும்.