முதுநிலைப் படிப்போடு ஆய்வும்: குமரி மாவட்ட மருத்துவர்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும்

எம்.டி., எம்.எஸ்., எம்.டி.எஸ். எல்லாமே மூன்றாண்டுப் படிப்பு. 36 மாதங்களில் புரோட்டோகாலுக்கும் (ஆய்வுத் திட்ட வரைவு) எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்கும் முதல் ஆறு மாதம் போய்விடும். தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே தீசிஸ் (ஆய்வேடு) கொடுக்க வேண்டும். எழுத மூன்று மாதம். எம்.டி., எம்.எஸ். படிப்பவர்களுக்கு மாவட்ட மருத்துவமனையில் பணிபுரியும் ரெசிடென்சி இன்னும் மூன்று. நோயாளிகளைச் சேர்க்க அவர்களுக்கு மிஞ்சுவது 18 மாதம்தான், எம்.டி.எஸ். படிப்பவர்களுக்கு 21.

ஆகவே ஆய்வுத் தலைப்பை ஓ.பி. (வெளிநோயாளி) பதிவேட்டில் தேடுங்கள். ஆசாரிபள்ளம் கல்லூரியோ குலசேகரம் கல்லூரியோ, உங்கள் துறைக்குக் கடந்த மூன்று மாதத்தில் வந்த புது நோயாளிகளை எண்ணுங்கள். அதில் பாதிப் பேரே ஆய்வுக்குத் தேறுவார்கள் என்று வையுங்கள். கேள்வித்தாள் சர்வே சுலபம்தான், ஆனால் உங்கள் துறை நோயைப் பற்றி அதில் கற்பது குறைவு.

அடுத்து, எத்தனை நோயாளிகள் வேண்டும் என்ற கணக்கு. 95% நம்பக அளவில், நோயின் பரவல் 50%, ஏற்கும் பிழை 10% என்று கொண்டால் 96 பேர் போதும். பிழையை 5% ஆக்கினால் 384 ஆகிவிடும். 20% பேர் பாதியில் விடுவார்கள் என்றால் 96-உடன் 20% கூட்டி 115 என்று எழுதுவார்கள். அது தவறு: 115-இல் 20% போனால் 92தான் மிஞ்சும். 96-ஐ 0.8-ஆல் வகுத்து 120 என்று போடுங்கள்.

சிகிச்சைகளை ஒப்பிடும் ட்ரயல் என்றால் முதல் நோயாளியைச் சேர்க்குமுன் சி.டி.ஆர்.ஐ.யில் (இந்திய மருத்துவ ட்ரயல் பதிவேடு) பதிவு வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பின்தேதிப் பதிவு கிடையாது.

ஒப்புதல் படிவம் தமிழில் மட்டும் போதாது. விளவங்கோடு பக்கத்து நோயாளிகளுக்கு மலையாளத்திலும் வேண்டும். மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்பி எழுதட்டும். பிசகு அப்போதுதான் தெரியும். படிக்கத் தெரியாதவரிடம் கைரேகையோடு, ஆய்வில் சேராத சாட்சி ஒருவரின் கையெழுத்தும் வாங்குங்கள்.

ஃபாலோ-அப்பில் அதிகம் நழுவுவது கடல்தொழிலாளர்கள். தூத்தூர்ப் படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருக்கும். விசைப்படகுத் தடைக்காலத்தைப் பயன்படுத்துங்கள்: குளச்சல், முட்டம் பக்கம் ஜூன், ஜூலை, சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மறுவருகைக்கு ஒரே தேதி குறிக்காமல் முன்பின் இரண்டு வாரம் இடம் விட்டு, அதைப் புரோட்டோகாலிலேயே எழுதிவிடுங்கள்.

பல் மருத்துவர்கள் ஓ.எஸ்.எம்.எஃப். (வாய்த் தசை இறுகி வாய் திறப்பு குறையும் நோய்) ஆய்வில் வாய் திறப்பை அளக்கும்போது, ஒரே 20 நோயாளிகளை இருவர் தனித்தனியே அளந்து ஒப்பிடுங்கள். இருவர் அளவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்ட, மில்லிமீட்டர் அளவுக்கு கப்பா என்ற குறியீட்டைப் போடுவது பலர் செய்யும் பிழை. கப்பா ‘உண்டு, இல்லை’ போன்ற வகைப்பாட்டுக்கு உரியது, எண் அளவான இதற்கு ஐ.சி.சி. என்ற குறியீடு.

அன்றைய தரவை அன்று மாலையே எக்செலில் ஏற்றுங்கள். அதில் குறியீட்டு எண் மட்டும் இருக்கட்டும், பெயரும் ஓ.பி. எண்ணும் தனி நோட்டில், பூட்டிய அலமாரியில்.